டூயல் பூட் லேப்டாப் கறுப்புத் திரையில் நிற்கிறதா? ஃபார்மேட் பண்ணும் முன் இதைப் படிங்க!

இரவு 11 மணி. காலையில் பிராஜெக்ட் சமர்ப்பிக்க வேண்டும். லேப்டாப்பை ஆன் பண்ணினால் விண்டோஸும் வரவில்லை, லினக்ஸும் வரவில்லை. கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று இரண்டே வார்த்தை. கல்லூரிக் கடைசி வருஷத்தில் எனக்கு நடந்தது இது.

மறுநாள் சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "ஃபார்மேட்தான் போடணும் தம்பி, டேட்டா எல்லாம் போயிடும்" என்றார் கடைக்காரர். தலையாட்டிவிட்டேன். மூன்று வருஷத்துப் படங்கள், நோட்ஸ், பாதி எடிட் பண்ணி வைத்திருந்த குறும்படம் என எல்லாம் போனது. அன்று காலை வரை என் ஃபைல்கள் டிஸ்க்கில் பத்திரமாகத்தான் இருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது. அறுந்து போயிருந்தது அவற்றை அடையும் வழி மட்டும்தான்.

டூயல் பூட் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

டூயல் பூட் என்றால் என்ன?

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு இயங்குதளங்களை வைத்துக்கொள்வது. ஆன் பண்ணும்போது எது வேண்டும் என்று தேர்வு செய்துகொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். நமக்கு இது புதிதல்ல. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல லேப்டாப்களில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே இருந்தது.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சிப், குறிப்பிட்ட வகை பிராசஸர் எல்லாம் வேண்டும் என்பதால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல பழைய லேப்டாப்கள் தகுதி பெறவில்லை. அதனால் பலர் லினக்ஸ் பக்கம் திரும்புகிறார்கள். ஆனால் டேலி, போட்டோஷாப் போன்றவை லினக்ஸில் நேரடியாக ஓடாது. அதனால் விண்டோஸையும் விட முடியாமல் இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

ஒரே காம்பவுண்டில் இரண்டு போர்ஷன் வீடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் விண்டோஸ், இன்னொன்றில் லினக்ஸ். கேட்டில் ஒரு வாட்ச்மேன். வருகிறவரிடம் "யார் வீட்டுக்கு?" என்று கேட்டு வழிகாட்டுவது அவர் வேலை. அந்த வாட்ச்மேன்தான் 'கிரப்' எனும் சின்ன புரோகிராம். வாட்ச்மேன் காணாமல் போனால் கேட் திறக்காது. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் பொருட்கள் அப்படியேதான் இருக்கும்.

நான் செய்த தவறு என்ன? இடம் போதவில்லை என்று விண்டோஸில் இருந்தபடியே லினக்ஸ் பகுதியை டெலீட் செய்தேன். வாட்ச்மேனுக்கு வேண்டிய ஃபைல்கள் அந்தப் பகுதிக்குள்தான் இருந்தன!

நிறுவும் முன் செய்ய வேண்டியவை

* பேக்கப்: வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுங்கள். அதே டிஸ்க்கின் 'டி' டிரைவில் காப்பி பண்ணி வைப்பது பேக்கப் ஆகாது.

* பிட்லாக்கர் கீ: புதிய விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில், நமக்கே தெரியாமல் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் 48 இலக்க எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பார்த்து, பேப்பரில் எழுதி வையுங்கள். பூட்டிய டிஸ்க் இந்த எண்ணைக் கேட்கும்போது அது கையில் இல்லையென்றால், டேட்டா நிஜமாகவே போனதுதான்.

* இடம்: விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் மூலமே டிரைவைச் சுருக்கி, 50 ஜிபி அளவுக்குக் காலியாக விடுங்கள்.

* ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைக்கவும்: இது ஆனில் இருந்தால், ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுசாகத் தூங்காது. அந்த டிரைவில் லினக்ஸ் எழுத முயன்றால் சிக்கல்.

* வரிசை: முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ். பென் டிரைவில் இருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்த்து வைஃபை, சவுண்ட் வேலை செய்கிறதா என்று சரிபார்த்த பிறகு நிறுவுங்கள். அப்போது 'விண்டோஸுடன் சேர்த்து நிறுவு' என்பதைத் தேர்வு செய்யுங்கள். பக்கத்திலேயே 'டிஸ்க் முழுவதையும் அழி' என்றும் இருக்கும். அவசரத்தில் அதை அழுத்தினால் எல்லாமே காலி.

சிக்கல் வந்தால்?

மெனு வராமல் நேராக விண்டோஸ் வருகிறது: விண்டோஸ் தன்னை வரிசையில் முதலில் வைத்துக்கொண்டிருக்கலாம். ஆன் ஆகும்போது எஃப்2, எஃப்10, எஃப்12, டெலீட் (கம்பெனியைப் பொறுத்து மாறும்) அழுத்தி, பூட் வரிசையில் லினக்ஸை மேலே கொண்டுவந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்': 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பலருடைய லினக்ஸ் இந்த வரியோடு நின்றுபோனது. டூயல் பூட் கம்ப்யூட்டர்களை அது பாதிக்காது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தும் பாதித்தது. 2025 மே மாத அப்டேட்டில்தான் சரிசெய்தார்கள். இதற்கு 'செக்யூர் பூட்'டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய்ச் சரிசெய்து, மீண்டும் ஆன் பண்ண வேண்டும். அணைக்கும் முன் பிட்லாக்கர் கீ கையில் இருக்கட்டும், கேட்கும்.

'கிரப் ரெஸ்க்யூ' திரை: லினக்ஸ் பென் டிரைவில் இருந்து பூட் செய்யுங்கள். முதல் வேலை, ஃபைல்களை வெளி டிஸ்க்குக்குக் காப்பி பண்ணுவது. ரிப்பேர் அப்புறம்தான். லினக்ஸ் இன்னும் இருந்தால் 'பூட் ரிப்பேர்' என்ற இலவசக் கருவி உதவும். லினக்ஸை நீக்கிவிட்டீர்கள் என்றால், விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவில் உள்ள ரிப்பேர் வசதி மூலம் பூட் பகுதியைச் சரிசெய்யலாம்.

விண்டோஸில் நேரம் மாறுகிறது: காலை 10 மணிக்கு 4.30 காட்டுகிறதா? பேட்டரி போகவில்லை. கம்ப்யூட்டரின் உள் கடிகாரத்தில் லினக்ஸ் உலக நேரத்தை வைக்கும். விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்ளும். அதுதான் அந்த ஐந்தரை மணி நேரம். லினக்ஸில் ஒரே ஒரு செட்டிங் மாற்றினால் போதும்.

எப்போது பயப்பட வேண்டும்?

டிஸ்க்கில் இருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தாலோ, பயாஸிலேயே டிஸ்க் தெரியாவிட்டாலோ அது டிஸ்க்கின் கோளாறாக இருக்கலாம். திரும்பத் திரும்ப ஆன் பண்ணாமல், டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மற்றபடி, கடைக்குக் கொண்டுபோனால் ஒரே ஒரு வரி சொல்லுங்கள்: "அண்ணா, முதல்ல லைவ் பென் டிரைவ் போட்டு ஃபைலை எடுத்துக் கொடுங்க. ஃபார்மேட் பத்தி அப்புறம் பேசலாம்." அன்று இந்த வரி எனக்குத் தெரிந்திருந்தால், அந்தக் குறும்படம் இன்றும் என்னிடம் இருந்திருக்கும்.