பழைய கணிப்பொறி: கவாத்தா, மறுநடவா?

காபித் தோட்டத்தார் யாவரும் அறிந்த கேள்வி ஒன்றுண்டு. காய்ப்புக் குன்றிய செடியைக் கவாத்துச் செய்து மீண்டும் தளிர்க்க விடுவதா, அல்லது வேரோடு பிடுங்கிவிட்டுப் புதிய நாற்றை நடுவதா என்பதே அது. அனுபவமுள்ள மேஸ்திரி செடியின் வயதை மட்டும் கேட்டு விடை கூறிவிட மாட்டார். தண்டை உற்று நோக்குவார்; வெள்ளைத் தண்டுத்துளைப்பான் உள்ளே குடியேறியிருக்கிறதா என்று ஆராய்வார். தண்டு நலமாயிருப்பின் கவாத்துப் போதும். புழு உள்ளே புகுந்திருப்பின், அச்செடிக்கு இடும் உரமெல்லாம் வீண். பிடுங்கி எரித்துவிடுவதே முறை.

சேர்வராயன் மலைவாழ் குடும்பங்கள் பரம்பரையாகப் பெற்றுள்ள இந்த அறிவை, இன்று வீட்டு மேசையின்மேல் வீற்றிருக்கும் பழைய கணிப்பொறிக்கும் பயன்படுத்தலாம் என்பது நம் கருத்து. 2020-இல் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, இணையவழி வகுப்புக்காக எத்தனையோ இல்லங்கள் கணிப்பொறிகளை வாங்கின. அவற்றுள் பல அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய பொறிகள். அன்று அதன் முன் அமர்ந்து பாடம் படித்த சிறுவர் இன்று வாலிபர். அவர்கள் அதிலே விளையாட விரும்புகின்றனர், பொறியோ திணறுகிறது. "இதற்குச் செலவு செய்யலாமா?" என்னும் கேள்வி பல வீடுகளில் சிறு பூசலாகவே எழுந்துவிட்டது.

ஒரு வீட்டில் நடந்தது

ஏற்காட்டை அடுத்த ஓர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் அன்பர் ஒருவர் சென்ற மழைக்காலத்தில் நம்மிடம் வந்தார். அவர் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் பயில்பவன். கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, ராம், எஸ்.எஸ்.டி., புதிய பிராசஸர் என ஐந்து பொருள்களை ஒரு நோட்டுத்தாளில் வரிசையாக எழுதித் தந்தையிடம் கொடுத்திருந்தான். கூட்டிப் பார்த்தால், சேலத்தில் நர்சிங் பயிலும் மூத்த மகளின் ஒரு பருவக் கட்டணத்தை ஒட்டி வந்தது.

"சாமி, விளையாட்டுக்கா இவ்வளவு பணம்? நீங்களே அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள்" என்றார் அவர்.

மகனை அழைத்துக் கேட்டோம். அவன் கூறியதிலும் நியாயம் இருக்கவே செய்தது. மழையும் மூடுபனியும் சூழ்ந்த மாதங்களில் மாலை ஐந்து மணிக்கு மேல் மைதானத்தின் மறுகரை தெரியாது. உடன் படித்த நண்பர்களோ பெங்களூருக்கும் சென்னைக்கும் சென்றுவிட்டனர். "ஃபாதர், ராத்திரி ஒரு மணி நேரம் அவங்களோட சேர்ந்து விளையாடுறேன். பாதியில கம்ப்யூட்டர் நின்னுபோனா என்னை விட்டுட்டுப் போயிடுறாங்க" என்றான். விளையாட்டு என்று தந்தை எண்ணியது, மகனுக்கு நட்பாக இருந்தது.

ஆகவே, "வேண்டும்", "வேண்டாம்" என்னும் இரண்டே விடைகளோடு நில்லாமல், பொறியையே சோதித்துப் பார்ப்பது நலமெனத் தோன்றியது. அச்சோதனையில் தெரிந்தவை பிற குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே விரித்து எழுதுகிறோம்.

முதலில் நோய் எதுவென்று அறிக

விளையாட்டை ஓடவிட்டு, விண்டோஸில் உள்ள டாஸ்க் மேனேஜர் என்னும் பகுதியைத் திறந்து பார்த்தால், பிராசஸர், நினைவகம், வட்டு, கிராபிக்ஸ் ஆகிய நான்கினுள் எது நூறு விழுக்காட்டை எட்டித் தவிக்கிறது என்பது தெரியும். இதற்குக் காசு வேண்டியதில்லை. நோய் எதுவென்று அறியாமல் ஐந்து மருந்துகளை ஒருசேர வாங்குவார் உண்டோ?

அந்த வீட்டுப் பொறி 2016-இல் வாங்கியது. இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ-5 பிராசஸர் உடையது. நினைவகம் ஒரே துண்டாக 4 ஜி.பி.; சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்; தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லை. பக்கமூடியைக் கழற்றியபோது, விசிறியில் தூசியும் விறகடுப்புப் புகையும் ஒட்டிக் கம்பளியாய்ப் படிந்திருந்தன. வெப்பம் மிகுந்தால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆதலின், மின்னிணைப்பை நீக்கிவிட்டு ஒரு மென்தூரிகையால் துடைத்து, பிராசஸரின் மேலுள்ள காய்ந்த பசையை மாற்றியதே முதல் மருந்தாயிற்று. ஒவ்வொரு முறையும் தேதி பின்னோக்கிப் போய்விடுகிறது என்று அவர்கள் முறையிட்டதற்கு, மதர்போர்டில் உள்ள காசு வடிவச் சிறு பாட்டரி தீர்ந்திருந்ததே காரணம். அதன் விலை நூறு ரூபாய்க்குள் அடங்கும்.

சிறு செலவு, பெரும் பயன்

அடுத்தது எஸ்.எஸ்.டி. சுழலும் வட்டு ஒரு நொடியில் ஏறத்தாழ 100 முதல் 150 மெகாபைட் வரை படிக்கும். சாதாரண சாட்டா வகை எஸ்.எஸ்.டி. 500 மெகாபைட்டை எட்டும். சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைத் தேடி எடுப்பதில் வேறுபாடு இன்னும் பன்மடங்கு. இன்றைய பெரிய விளையாட்டுகள் பலவற்றிற்கு எஸ்.எஸ்.டி. இன்றியமையாததாகிவிட்டது. பிற்காலத்தில் புதிய பொறி வாங்கினாலும் இதனைக் கழற்றி அதில் பொருத்திக்கொள்ளலாம் என்பதால், இச்செலவு வீணாவதில்லை.

மூன்றாவது ராம். தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத பொறிகளில், படம் வரையும் பகுதியும் இந்த நினைவகத்தையே பங்கிட்டுக்கொள்கிறது. ஒரே துண்டுக்குப் பதிலாக ஒத்த இரண்டு துண்டுகளைப் பொருத்தினால் தகவல் செல்லும் பாதை இரட்டிப்பாகும். ஒற்றையடிப் பாதை இருவழிச் சாலையாவது போலென்க. ஆனால் டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்பவை ஒன்றற்கொன்று பொருந்தா. பழைய துண்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குவதே பத்திரம். செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவை பெருகியதால் 2025-இன் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. ஆகவே சென்ற ஆண்டு நண்பர் வாங்கிய விலையை நம்பிக் கணக்கிடாமல், அன்றைய விலையைக் கேட்டறிந்தே முடிவு செய்க.

தண்டில் புழு இருக்கும் இடம்

இதுவரை கூறியது கவாத்து. இனி, எவ்வளவு உரமிட்டாலும் பயன்படாத இடங்களைக் காண்போம்.

அந்த மகன் எழுதிய தாளில் இருந்த பிராசஸரையே எடுத்துக்கொள்வோம். இன்டெல் ஆறாம், ஏழாம் தலைமுறைப் பிராசஸர்களும் எட்டாம் தலைமுறையும் அமரும் குழி, பார்வைக்கு ஒன்றே. எனினும் ஆறாம் தலைமுறைக்குரிய மதர்போர்டில் எட்டாம் தலைமுறைப் பிராசஸர் இயங்காது. அறியாமல் வாங்கினால் மதர்போர்டையும் மாற்ற நேரும். அதன்பின் அது பழைய பொறியே அன்று.

இதனோடு தொடர்புடையது விண்டோஸ். விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திற்று; விரும்பிப் பதிவு செய்துகொள்ளும் வீடுகளுக்கு மட்டும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தது. விண்டோஸ் 11, இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதலாகவே முறைப்படி ஏற்கும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும் கேட்கும். அதே பொறியில் வங்கிக் கணக்கைத் திறக்கும் குடும்பம் இதனை அசட்டை செய்தலாகாது. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை நிறுவுவது ஒரு வழி. ஸ்டீம் என்னும் தளம் 2018 முதல் தரும் புரோட்டான் என்னும் கருவியினால் விண்டோஸ் விளையாட்டுகள் பல அதில் ஓடுகின்றன. ஆயினும் வேலரன்ட் போன்ற சில போட்டி விளையாட்டுகள் லினக்ஸில் ஓடா.

கிராபிக்ஸ் கார்டு மூன்றாவது இடர். மதர்போர்டின் நீண்ட பள்ளம் ஒரு கார்டுக்கு அதிகமாக 75 வாட் மின்சாரமே தரும். அதற்கு மேல் வேண்டுவோர் பவர் சப்ளையையும் மாற்ற வேண்டும். அலுவலகங்களிலிருந்து வந்த பழைய பொறிகள் சிலவற்றில் பவர் சப்ளையின் முனைகள் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை. கடையில் கிடைக்கும் பொதுவானது பொருந்தாது. ஒல்லியான பெட்டியாயின் முழு உயரக் கார்டு உள்ளே நுழையவும் செய்யாது. அத்தகையோர், என்விடியா 2024 பிப்ரவரியில் வெளியிட்ட ஆர்.டி.எக்ஸ். 3050 வகையில் 6 ஜி.பி. கொண்டதைப்போல 70 வாட்டுக்குள் அடங்கும் கார்டைப் பற்றி, பெட்டியின் உயரத்தை அளந்துகொண்ட பின்னரே எண்ணிப் பார்க்கலாம். மலிவென்று கைமாறி வரும் ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. போன்ற பழைய கார்டுகளுக்கு, புதிய விளையாட்டுகளுக்கான மென்பொருள் திருத்தங்களை அந்நிறுவனம் 2025 அக்டோபரோடு முடித்துக்கொண்டது என்பதையும் நினைவில் வைப்பது நன்று.

மலையில் இருப்போர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை

ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் வாழும் நமக்குக் குளிர் ஒரு நன்மை. ஈரமும் இடியும் தீமை. மூடுபனி வீட்டினுள் புகும் நேரத்தில் சன்னலைச் சாத்துக. மழை மாதங்களில் பல நாள் மூடியே வைக்காமல், அன்றாடம் சிறிது நேரம் பொறியை இயக்கி உள்ளே வெதுவெதுப்பை நிலைநிறுத்துக. இடி முழங்கும்போது மின்கம்பியை மட்டுமன்றி இணையக் கம்பியையும் கழற்றிவிடுக. அவ்வழியாகவும் மின்னல் உள்ளே வரும். எர்த் சரியாக உள்ளதா என்று மின்பணியாளரைக் கொண்டு சோதிப்பது, கிராபிக்ஸ் கார்டு வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய செலவு.

யு.பி.எஸ். பற்றியும் ஒரு சொல். 600 வி.ஏ. என்று எழுதிய சாதாரண யு.பி.எஸ். ஏறத்தாழ 360 வாட் சுமையையே தாங்கும். பெரிய கார்டைப் பொருத்திவிட்டு யு.பி.எஸ்ஸை மறந்தால், மின்சாரம் போன கணமே பொறியும் அணையும். மின்கட்டணமும் கணக்கில் வரட்டும். 300 வாட் இழுக்கும் பொறியில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் விளையாடினால், இரு மாதத்தில் 54 யூனிட் ஆகிறது.

எதை விளையாட, எவ்வளவு நேரம்?

பொருள்களின் பட்டியலுக்கு முன் எழுத வேண்டியது விளையாட்டுகளின் பட்டியல். ஒவ்வொரு விளையாட்டும் தனக்கு வேண்டிய குறைந்த அளவை வெளிப்படையாகவே கூறுகிறது. அதனைத் தந்தையும் மகனும் சேர்ந்து படிக்கலாம். வயது வரம்பும் அங்கேயே காணப்படும். எடுத்துக்காட்டாக, பிள்ளைகள் பெரிதும் பேசும் ஜி.டி.ஏ. 5, ஐரோப்பிய வரிசைப்படி 18 வயது நிறைந்தோர்க்கு மட்டுமே உரியது.

பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு முற்றிலும் வேறு. அத்தகையவற்றை நடத்துவதைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. அதற்காகப் பொறியைப் புதுப்பிக்கும் பேச்சே எழலாகாது. நேரத்தைப் பற்றியோ, உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 சனவரி முதல் இடம்பெற்றுள்ள விளையாட்டு அடிமைநிலையின் அடையாளங்களே நல்ல அளவுகோல்: தன்னை நிறுத்திக்கொள்ள இயலாமை, பிறவற்றைவிட ஆட்டமே முதன்மை பெறுதல், கேடு விளைந்தும் தொடர்தல். இவை தோன்றிய வீட்டில் கிராபிக்ஸ் கார்டு மருந்தன்று. இவை தோன்றாத வீட்டிலோ, நண்பரோடு ஒரு மணி நேரம் ஆடுவதைக் குற்றம்போல் பேசுவது முறையன்று.

அக்குடும்பம் செய்த முடிவு

கணக்கர் வீட்டில் ஐந்து பொருள்களில் இரண்டே வாங்கப்பட்டன: எஸ்.எஸ்.டி.யும், முன்பிருந்த துண்டுக்கு ஒத்த ஒரு ராமும். சுத்தம் செய்தது மகனே. நண்பர்களோடு ஆடும் எளிய விளையாட்டு இப்போது நடுவில் நிற்பதில்லை. புதிதாக வந்த பெரிய விளையாட்டுகள் ஓடவில்லை; அதில் அவனுக்கு வருத்தம் இல்லாமலும் இல்லை. பழைய பொறிக்குக் கிராபிக்ஸ் கார்டு வாங்குவதில்லை என்றும், ஆண்டுதோறும் எஸ்டேட் போனஸில் ஒரு பகுதியைத் தனியே எடுத்து வைத்து, அவன் கல்லூரியில் சேர்ந்தபின் முழுதும் புதியதாகவே ஒன்று வாங்குவதென்றும் இருவரும் உடன்பட்டனர். மகளின் கட்டணம் தவணை தவறாமல் செலுத்தப்பட்டது.

எல்லா வீட்டுக்கும் இதுவே விடை என்று நாம் கூறவில்லை. எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட பொறியும் நல்ல பவர் சப்ளையும் உள்ள வீட்டில் ஒரு கார்டு பொருத்துவது அறிவான செலவாகவே இருக்கலாம். ஒரே ஒரு முறையை மட்டும் வற்புறுத்துகிறோம். ஒருசேர எல்லாம் வாங்காமல், முதலில் சுத்தம், பிறகு எஸ்.எஸ்.டி., பிறகு ராம் என்று ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றிற்குப் பின்னும் ஒரு மாதம் பொறுத்திருந்து பாருங்கள். பழைய பொறிக்கு ஆகும் செலவு புதியதன் விலையில் பாதியை நெருங்குமாயின், அங்கேயே நின்றுவிடுங்கள். கடைக்குச் சேலம் இறங்குமுன், தந்தையர் ஒரு மாலை மகனருகே அமர்ந்து அவன் ஆடுவதைப் பார்க்கட்டும். எது ஓடவில்லை, யாரோடு ஆடுகிறான், எத்தனை மணிக்கு எழுந்து செல்கிறான் என்பவை அப்போது தெரியும். இம்மூன்றும் தெரிந்தபின் முடிவு செய்வது எளிது.