ஏபிகே நிறுவ ஒரு நாள் காத்திருப்பு: எது பாதுகாப்பு, எது கட்டுப்பாடு?

தன் அடையாளத்தைக் கூகுளிடம் பதிவு செய்யாத ஒருவர் உருவாக்கிய செயலியை ஆண்ட்ராய்டு போனில் வழக்கமான முறையில் நிறுவ முடியாது என்ற விதி, 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் தொடங்குகிறது. மற்ற நாடுகளுக்கு 2027 முதல் படிப்படியாக வரும் என்று நிறுவனம் அறிவித்திருக்கிறது. இந்தியாவின் முறையும் அதில்தான். இதையொட்டிக் கோபாலபுரம், மயிலாப்பூர், அடையாறு பக்கமிருந்து வந்த கடிதங்களில் ஒரு குழப்பம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. ஏபிகே எனப்படும் செயலிக் கோப்பை நிறுவ 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' திறக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இன்றைய நிலையில் வேண்டியதில்லை. 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், கோப்பைக் கொண்டுவரும் செயலிக்கு, அதாவது வாட்ஸ்அப்புக்கோ குரோமுக்கோ, தனித்தனியாக அனுமதி கொடுத்தால் போதும். பில்ட் நம்பரை ஏழு முறை தட்டித் திறக்கும் டெவலப்பர் பகுதி, கணினியோடு போனை இணைத்துச் சோதிப்பவர்களுக்கானது. இரண்டையும் முடிச்சுப் போடப்போவது இனி வரும் ஏற்பாடுதான்.

அந்த ஏற்பாட்டின் நடுப்பகுதி கவனித்துப் பார்க்க வேண்டியது. பதிவு செய்யாதவரின் செயலியை நிறுவியே தீர வேண்டும் என்பவருக்காகக் கூகுள் ஒரு சுற்றுவழி வைத்திருக்கிறது. முதலில் டெவலப்பர் பகுதியைத் திறக்க வேண்டும். 'யாராவது சொல்லிக்கொடுத்து இதைச் செய்கிறீர்களா' என்று போன் கேட்கும். பிறகு போனை அணைத்து மறுபடி போட வேண்டும். அந்த நொடியில் ஓடிக்கொண்டிருக்கும் அழைப்பும், திரையைத் தொலைவிலிருந்து பார்ப்பவரின் இணைப்பும் அறுந்துபோகும். அதற்குப் பின் ஒரு முழு நாள் காத்திருப்பு. மறுநாள் கைரேகையோ பின் எண்ணோ கொடுத்து உறுதி செய்தால், ஏழு நாளைக்கோ நிரந்தரமாகவோ அனுமதி கிடைக்கும். காத்திருப்பு ஒரே ஒரு முறைதான்.

இதை வடிவமைத்தவர்கள் மோசடி நடக்கும் விதத்தைச் சரியாகப் படித்திருக்கிறார்கள். 'உங்கள் வண்டிக்கு அபராதம்' என்றோ, 'பிஎம் கிசான் பணம் வந்திருக்கிறது' என்றோ, கல்யாணப் பத்திரிகை என்றோ வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வருகிறது. திறந்தால் எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி கேட்கிறது. கொடுத்தால் வங்கி அனுப்பும் ஓடிபி நேராக மோசடிக்காரருக்குப் போகிறது. தமிழ்நாடு காவல்துறையின் சைபர் குற்றப்பிரிவும் இத்தகைய ஏபிகே கோப்புகளைப் பற்றி எச்சரித்திருக்கிறது. இந்த மோசடி நிற்பது அவசரத்தின் மேல். இன்று மாலைக்குள் மின் இணைப்பு போய்விடும், இன்றே கட்டாவிட்டால் வழக்கு என்று விரட்டினால்தான் காரியம் நடக்கும். அந்த விரட்டலுக்கு நடுவே ஓர் இரவு புகுந்தால், பாதிக்கப்படுபவர் வீட்டில் யாரிடமாவது வாய் திறந்து சொல்லிவிடுவார்.

ஆனால் 'சொல்லிக்கொடுத்துச் செய்கிறீர்களா' என்ற கேள்விக்குக் கோபாலபுரத்தில் வசிக்கும் ஒரு வயதான தாய் என்ன பதில் சொல்வார்? மகன் நியூ ஜெர்சியிலிருந்து அழைப்பில் இருந்துகொண்டு ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லித்தருகிறான். உண்மையான பதில் 'ஆம்'. மோசடிக்காரரும் இதே குரலில், இதே பொறுமையோடு சொல்லித்தருகிறார்; 'இல்லை என்று அழுத்துங்கள்' என்பதையும் அவரே சொல்லிவிடுவார். மகனையும் அவரையும் பிரித்தறிய அந்தக் கேள்வியால் முடியாது, காத்திருப்பால் ஓரளவு முடியும். டிஜிட்டல் கைது என்று நாள்கணக்கில் மிரட்டுபவர்களிடம் ஒரு நாள் எடுபடுமா என்று கேட்கலாம். எடுபடாது. ஆனால் அந்த மோசடியில் பெரும்பாலும் ஏபிகேயே தேவைப்படுவதில்லை. மிரண்டவர் தன் கையாலேயே பணத்தை மாற்றிவிடுகிறார். ஒரு நாள் காக்கவைப்பது வயது வந்தவரின் சுதந்திரத்தில் தலையிடுவது என்பது இன்னொரு ஆட்சேபம். வாழ்நாள் சேமிப்பு சில நிமிடங்களில் கரைவதோடு ஒப்பிட்டால், ஒரு முறை, ஒரே நாள் என்பதை ஏற்கலாம் என்பது என் முடிவு.

ஏற்க முடியாதது மற்றொரு பாதி. காத்திருப்பு பயனரைக் காக்கிறது. அடையாளப் பதிவோ செயலி எழுதுபவரை ஒரு நிறுவனத்தின் பதிவேட்டுக்குள் கொண்டுவருகிறது. இரண்டுக்கும் ஒரே நியாயம் சொல்லப்படுகிறது. அந்த நியாயத்தை இந்திய அனுபவத்தோடு உரசிப் பாருங்கள். சிம் வாங்க அடையாளச் சான்று வேண்டும், வங்கிக் கணக்குக்கு கேஒய்சி வேண்டும். ஆனாலும் மோசடி அழைப்பு வருவது முறைப்படி வாங்கிய சிம்மிலிருந்து. பணம் போவது கேஒய்சி முடித்த வாடகைக் கணக்குக்கு. வேறொருவரின் அடையாளத்தைச் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கத் தெரிந்தவருக்கு 25 டாலர் பதிவுக் கட்டணம் தடையாகாது. பிளே ஸ்டோரே இதற்குச் சாட்சி. 2022 செப்டம்பர் முதல் 2023 ஆகஸ்ட் வரை மட்டும் 2,200-க்கும் மேற்பட்ட கடன் செயலிகளைக் கூகுள் அங்கிருந்து நீக்கியதாக ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அவை வாட்ஸ்அப்பில் வந்தவை அல்ல, அதிகாரபூர்வக் கடையிலேயே இருந்தவை.

பிளே ஸ்டோரைவிட வெளி வழிகளில் ஐம்பது மடங்குக்கும் மேல் தீங்குநிரல் இருப்பதாகக் கூகுள் சொல்கிறது. எண்ணியதும் கூகுள், எண்ணிக்கையால் பயன்பெறுவதும் கூகுள். அதைச் சரி என்றே வைத்துக்கொண்டாலும், நிறுவனம் 'வெளி வழி' என்று குறிப்பிடுவது உலாவி, செய்திச் செயலி, கோப்பு மேலாளர் ஆகியவற்றை. அங்கே வடிகட்டலாம், 2024-இல் இந்தியாவுக்கு அறிவித்த பிளே புரொடெக்ட் சோதனை அதைத்தான் செய்கிறது: இவ்வழிகளில் வரும் செயலி எஸ்எம்எஸ் போன்ற ஆபத்தான அனுமதிகளைக் கேட்டால் நிறுவலையே தடுக்கிறது. அப்படியிருக்க, 2010 முதல் மூலநிரலை வெளிப்படையாக வைத்துச் செயலிகளைத் தொகுத்துத் தரும் எஃப்-டிராய்டு போன்ற தன்னார்வக் களஞ்சியங்கள் ஏன் பதிவு கேட்கும் வலையில் விழ வேண்டும்? இந்த விதி தங்கள் திட்டத்துக்கே முடிவு கட்டிவிடும் என்று அவர்கள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். மாணவர்களுக்கும் பொழுதுபோக்காக எழுதுபவர்களுக்கும் இருபது கருவிகள் வரை இலவச அனுமதி உண்டு என்பது கூகுளின் பதில். இருபத்தோராவது போன் தெருக்கோடிக் கடைக்காரருடையதாக இருந்தால்?

இங்கே சட்டம் கைகொடுக்குமா என்றால், ஒருமுறை கைகொடுக்கப் பார்த்தது. 2022 அக்டோபர் 20 அன்று இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, கடைக்கு வெளியே செயலி வழங்குவதைக் கட்டுப்படுத்தக் கூடாது என்றும் ஆணையிட்டது. 2023 மார்ச் 29 அன்று தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஆணையத்தின் நான்கு கட்டளைகளை மட்டும் ரத்து செய்தது. அந்த நான்கில் இதுவும் ஒன்று. அபராதம் கட்டி முடிந்துவிடும் தொகை. ரத்தான கட்டளைதான் இன்று நமக்குத் தேவைப்படுகிறது. 2027-க்கு முன் இந்தக் கேள்வியை ஆணையம் மீண்டும் கையிலெடுக்க வேண்டும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக. கணினி வழியாக, ஏடிபி என்ற கருவி மூலம் நிறுவுவதற்கு இந்தக் காத்திருப்பு இல்லை.

டெவலப்பர் பகுதியைத் திறப்பதால் போன் கெடாது. ஆனால் அது திறந்திருந்தால் சில வங்கிச் செயலிகள் இயங்க மறுக்கும்; வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள்.

போக்குவரத்து அபராதம் உண்மையா என்று பார்க்க எந்தக் கோப்பும் வேண்டாம். பரிவாகன் இ-செலான் தளத்தில் வண்டி எண்ணைக் கொண்டு தேடலாம்.

ஐபோன் வைத்திருப்பவர்களை இந்த விதி தொடாது.

தவறான கோப்பை நிறுவிவிட்டால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்கிவிட்டு, உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.