கெப்ளர்ஸ் கடையும் நம்ம சனிக்கிழமை மேசையும்

2005 ஆகஸ்ட் 31ஆம் தேதி, மென்லோ பார்க் எல் கமினோ ரியால் சாலையில் இருக்கும் கெப்ளர்ஸ் புத்தகக் கடை திடீரென்று மூடப்பட்டது. 50 வருஷக் கடை. புத்தகம் வாங்க வந்தவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஒரு பக்கம் அமேசான், இன்னொரு பக்கம் ஊருக்கு ஊர் கிளை வைத்த பெரிய நிறுவனங்கள், தலைக்கு மேலே டாட்காம் காலத்து வாடகை. தாக்குப்பிடிக்க முடியவில்லை.

இந்த மாதிரி சமயத்தில் வழக்கமாக என்ன நடக்கும்னு நமக்குத் தெரியும். "அடடா, நல்ல கடையாச்சே" என்று நாலு பேர் சொல்வார்கள். ஆறு மாதத்தில் அந்த இடத்தில் வேறு ஏதாவது வந்துவிடும். கெப்ளர்ஸ் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. ஊர்க்காரர்கள் கடைக்கு முன்னால் கூடினார்கள். சிலர் முதலீடாகப் பணம் போட்டார்கள்; அதில் நம்ம டெக் உலகத்து ஆட்களும் உண்டு. அவ்வளவு முடியாதவர்கள் உறுப்பினர்களாகச் சேர்ந்தார்கள், சும்மா வந்து உடலுழைப்பு கொடுத்தார்கள். அக்டோபரில் கடை மறுபடி திறந்துவிட்டது.

நான் பே ஏரியாவுக்கு வந்தது அதற்குப் பல வருஷம் கழித்து. மகளைக் கதைப் புத்தகம் வாங்க அழைத்துப் போக ஆரம்பித்த பிறகுதான் இந்தக் கதை தெரியும். ஒரு கடைக்காக ஒரு ஊர் இப்படி எழுந்து நிற்குமா என்று ஆச்சரியப்பட்டுத்தான் பழைய வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1955இல் கடையைத் தொடங்கியவர் ராய் கெப்ளர். இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கி எடுக்க மாட்டேன் என்று மறுத்தவர். கடைசி வரை அமைதி இயக்கக்காரர். அவருடன் கடையில் வேலை பார்த்த ஐரா சாண்ட்பெர்ல் காந்தியைக் கரைத்துக் குடித்தவர். பாடகி ஜோன் பயஸ் பள்ளி மாணவியாக இருக்கும்போதே சாண்ட்பெர்லிடம் அகிம்சை பற்றிப் பேசத் தொடங்கியவர். 1965இல் இருவரும் சேர்ந்து அகிம்சையைக் கற்பிக்க ஒரு நிறுவனமே ஆரம்பித்தார்கள். கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு உருவாவதற்கு முன்னால், ஜெர்ரி கார்சியா கிடாரோடு வந்து பொழுதைக் கழித்ததும் இந்தக் கடையில்தான். அவர் எத்தனை புத்தகம் காசு கொடுத்து வாங்கினார் என்று கேட்காதீர்கள்!

ராய் கெப்ளர் செய்த இன்னொரு காரியத்தை நாம் கவனிக்க வேண்டும். அவர் விற்றது பேப்பர்பேக். அந்தக் காலத்தில் மதிப்பான புத்தகக் கடைகள் கெட்டி அட்டைப் புத்தகங்களைத்தான் அடுக்கும். பேப்பர்பேக் என்பது மருந்துக் கடையிலும் பஸ் நிலையத்திலும் கம்பிச் சட்டத்தில் தொங்குகிற மலிவுச் சரக்கு. கெப்ளர்ஸ், சான் பிரான்சிஸ்கோவில் 1953இல் வந்த சிட்டி லைட்ஸ், பெர்க்லியில் 1956இல் வந்த கோடீஸ், இந்த மூன்றும்தான் இந்தப் பக்கத்தில் பேப்பர்பேக்கைக் கடைக்குள் ராஜமரியாதையோடு கொண்டு வந்தன. படிக்க ஆசை இருக்கிற மாணவன் சாப்பாட்டுக் காசில் ஒரு புத்தகம் வாங்க முடிந்தது.

நமக்கு இது புதுசா என்ன? பெட்டிக்கடையில் வாழைப்பழத் தாருக்குப் பக்கத்தில் கயிறு கட்டி, கிளிப் போட்டு, ராஜேஷ்குமார் நாவல் தொங்கும். வாடகை நூலகத்தில் அம்மா வாரம் நாலு புத்தகம் எடுத்து வருவார். அதையெல்லாம் 'இலக்கியம்' என்று யாரும் மதிக்கவில்லை. ஆனால் ஒரு தலைமுறைக்குப் படிக்கிற பழக்கத்தைப் பிடித்துக் கொடுத்தது அந்தக் கயிறுதான் என்பது என் கட்சி.

மதுரைக்காரர்களுக்கு கெப்ளர் கதையைப் படிக்கும்போதே ஒரு கடை ஞாபகம் வந்திருக்கும். ரயில்வே ஸ்டேஷன் பக்கம், மேலவெளி வீதியில், சர்வோதய இலக்கியப் பண்ணை. காந்தியும் வினோபாவும் முன்வரிசையில் இருப்பார்கள். உள்ளே போனால் தமிழில் பல பதிப்பகங்களின் புத்தகங்களும் கிடைக்கும். ரயிலுக்கு நேரம் இருந்தால் அப்பா என்னை அங்கே விட்டுவிட்டு, "ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோ" என்பார். அந்த ஒண்ணை எடுக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஒன்றை எடுப்பேன், வைப்பேன், இன்னொன்றில் பத்துப் பக்கம் நின்றபடியே படிப்பேன். கல்லாவில் இருந்தவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கடைசியில் கையில் இருப்பது அப்பா வாங்கிக் கொடுத்த புத்தகமாகத் தெரியாது. நான் எடுத்த புத்தகம்.

கெப்ளர்ஸில் என் மகளும் இதையேதான் செய்கிறாள். தரையில் உட்கார்ந்து ஐந்தாறு புத்தகத்தைப் பரப்பி வைத்துக்கொள்வாள். கடை ஊழியர்கள் தங்களுக்குப் பிடித்த புத்தகத்தைப் பற்றி எழுதி அலமாரியில் செருகி வைத்திருக்கும் சின்ன அட்டைகளை ஒவ்வொன்றாகப் படிப்பாள். நான் பக்கத்து கஃபே பொரோனில் காபி குடித்துவிட்டு வந்தாலும் முடிவாகியிருக்காது. அவளுக்கு ஒன்பது வயசு. 400 பக்க ஆங்கிலப் புத்தகத்தை ஒரு வாரக் கடைசியில் முடிக்கிறாள்.

அதே பிள்ளையிடம் ஒரு தமிழ்க் கதைப் புத்தகத்தைக் கொடுத்தேன். முதல் கேள்வி: "இது ஹோம்வொர்க்காப்பா?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. வீட்டில் இருக்கும் தமிழ்ப் புத்தகம் ஒவ்வொன்றும் ஒன்று பாடத்திட்டம் தேர்ந்தெடுத்தது, இல்லை நாங்கள் தேர்ந்தெடுத்தது, இல்லை தாத்தா 'நல்லொழுக்கக் கதைகள்' என்று பார்த்து அனுப்பியது. அவளாக எடுத்தது ஒன்றுகூட இல்லை. 1998இல் தொடங்கிய கலிஃபோர்னியா தமிழ்க் கழகம் மாதிரியான அமைப்புகளின் தயவில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இங்கே எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். அது சாதாரணக் காரியம் இல்லை. ஆனால் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அடுத்து ஒரு கடை வேண்டும். வேண்டாம் என்று திருப்பி வைக்க முடிகிற அளவுக்குப் புத்தகம் வேண்டும்.

அப்படியென்றால் இத்தனை தமிழர் இருக்கிற ஃப்ரீமான்ட்டிலோ எடிசனிலோ பிளேனோவிலோ ஏன் ஒரு தமிழ்ப் புத்தகக் கடை இல்லை? தோசைக்கு மட்டும் தெருவுக்கு நாலு கடை இருக்கிறதே? தமிழனுக்கு வாசிப்பு ஆர்வம் இல்லை என்று சலித்துக்கொள்வது சுலபம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அமெரிக்கக் கடைக்காரர் ஒரு புத்தகத்தை வாங்கும்போது அட்டை விலையில் ஏறக்குறைய 40 சதவீதமோ கொஞ்சம் கூடவோ தள்ளுபடி கிடைக்கும். வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் அதற்குள்தான். முக்கியமான விஷயம், விற்காத புத்தகத்தைப் பதிப்பகத்துக்கே திருப்பி அனுப்பலாம். 1930களின் பொருளாதார மந்தத்தில், கடைக்காரர்கள் புதுப் புத்தகம் வாங்கப் பயந்தபோது வந்த ஏற்பாடு இது, இன்றைக்கும் தொடர்கிறது. இதனால்தான் பெயர் தெரியாத ஒரு எழுத்தாளரின் புத்தகத்தை தைரியமாக அலமாரியில் வைக்க முடிகிறது. சென்னையிலிருந்து வரும் 150 ரூபாய்ப் புத்தகத்துக்கு அந்த வசதி கிடையாது. கூரியர் செலவு பல சமயம் புத்தக விலையைத் தாண்டிவிடும். விற்கவில்லையென்றால் திருப்பி அனுப்புவது அதைவிடக் கூத்து. ஆகவே யாராவது வரவழைத்தாலும், நிச்சயம் விற்கும் என்று தெரிந்த 'பொன்னியின் செல்வன்', திருக்குறள் உரை, சமையல் புத்தகம் என்று நின்றுவிடுகிறார்கள். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது?

இதோடு இன்னொரு சிக்கல். ஒன்பது வயசுப் பிள்ளையின் தமிழ் வாசிப்பு ஆறு வயசு அளவில் இருக்கிறது. அவள் ரசனை ஒன்பதில் இருக்கிறது. "அணில் மரம் ஏறியது" என்று கொடுத்தால் அவமானமாக நினைக்கிறாள். சிறுவர் நாவலைக் கொடுத்தால் 'வந்துட்டாங்க' என்று காதில் கேட்டு வளர்ந்தவள் 'வந்துவிட்டார்கள்' என்பதில் தடுக்கி நிற்கிறாள். நடுவில் ஏணிப்படிகள் குறைவு. குறைவு என்றேன், இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. சென்னையின் தூலிகா 1996இலிருந்து படப் புத்தகங்கள் போடுகிறது. பலவற்றில் ஒரே பக்கத்தில் ஆங்கிலமும் தமிழும் இருக்கும். பாரதி புத்தகாலயத்தின் 'புக்ஸ் ஃபார் சில்ரன்' மெல்லிய, விலை குறைந்த புத்தகங்கள். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்த தமிழ்க் கதைகள் இலவசம், அச்சடித்தும் கொள்ளலாம். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இலிருந்தும் லயன் காமிக்ஸ் 1984இலிருந்தும் வருகின்றன. லக்கி லூக் தமிழ் பேசுகிறார், தெரியுமா?

கெப்ளர்ஸ் கதையில் 2012இல் இன்னொரு அத்தியாயம் உண்டு. ராயின் மகன் கிளார்க் கெப்ளர் ஓய்வு பெற, பிரவீண் மதன் என்ற இந்திய வம்சாவளிக்காரர் பொறுப்பெடுத்தார். கன்சல்டிங் உலகத்திலிருந்து புத்தகத்துக்கு வந்தவர். அவர் வந்தபோது கடையை இரண்டாகப் பிரித்தார்கள்: விற்பனை ஒரு நிறுவனம், எழுத்தாளர் சந்திப்பு மாதிரி நிகழ்ச்சிகளுக்கு லாப நோக்கில்லாத தனி அமைப்பு. ஒரு ஊர் கடையிடம் எதிர்பார்ப்பது எல்லாவற்றையும் புத்தக லாபத்திலிருந்து மட்டும் கொடுக்க முடியாது என்று ஒப்புக்கொண்ட ஏற்பாடு.

எங்களுக்கு யோசனை வந்தது இதிலிருந்துதான். கடை வைக்க முடியாது, ஒரு மேசை போடலாமே? ஆறு குடும்பம் சேர்ந்து பணம் போட்டு, ஊரிலிருந்து வருகிறவர்களின் பெட்டியில் ஆளுக்கு ஐந்து கிலோ கெஞ்சி வாங்கி, 80 புத்தகம் சேர்த்தோம். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி முடியும் நேரத்தில் நடைபாதையில் ஒரு மடக்கு மேசை. விதி ஒன்றே ஒன்று: அப்பா அம்மா மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். பிள்ளை ஒரு புத்தகம் எடுக்கும், இரண்டு டாலர் கொடுக்கும். பிடிக்கவில்லையென்றால் அடுத்த வாரம் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம். திருப்பி எடுக்கும் செலவு எங்களுடையது. அதற்குத்தான் அந்த ஆறு குடும்பத்துப் பணம்.

பிள்ளைகளைவிட மூன்றடி தள்ளி நின்றவர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "கண்ணா, அந்தத் தெனாலிராமனை எடு" என்று தூரத்திலிருந்தே குரல் வரும். ஒரு பாட்டி நேராக என்னிடமே வந்து, "பாரதியார் இருக்கும்போது அது எதுக்குத் தம்பி பூனைப் படம்?" என்று கேட்டார். அவர் பேரன் பூனையைத்தான் எடுத்தான். அடுத்த வாரம் மாற்றவும் வரவில்லை. அதே பூனையை வைத்துக்கொண்டான். முதலில் தீர்ந்தது காமிக்ஸ், அடுத்து விடுகதைப் புத்தகம். நீதிக் கதைகள் அப்படியே இருக்கின்றன, வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

மூன்றாவது வாரம் யாரோ ஒரு பிள்ளை, தான் படித்து முடித்த புத்தகத்தில் ஒரு சின்ன அட்டை செருகித் திருப்பி வைத்திருந்தது. கோணல் எழுத்தில்: 'நல்லா சிரிப்பு வரும். கடைசிப் பக்கம் முதல்லயே பாக்காதே.' அந்தப் புத்தகம் பத்து நிமிஷத்தில் போய்விட்டது. இப்போது வெற்று அட்டைகளும் பென்சிலும் மேசையிலேயே வைக்கிறோம். திருத்துவது இல்லை என்று ஆசிரியர்களிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

என் மகள் எடுத்தது ஒரு கௌபாய் காமிக்ஸ். பக்கத்துக்கு நாலு வார்த்தை என்னிடம் கேட்கிறாள். 'தோட்டா' என்றால் தோட்டமா என்று கேட்டாள். பதிமூன்று நாளில் முடித்தாள்.

உங்கள் ஊரில் செய்ய நினைத்தால் ஒரு தகவல்: அமெரிக்காவுக்குள் புத்தகம் அனுப்ப தபால் துறையின் மீடியா மெயில் ரொம்ப மலிவு. நியூ ஜெர்சியில் விற்காதது டெக்சஸில் விற்கலாம், இரண்டு மேசைகள் பெட்டி மாற்றிக்கொள்ளலாம். எங்கள் அடுத்த பெட்டி பிப்ரவரியில். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிற நண்பர் ஒருவர் பட்டியல் கேட்டார். பட்டியலைப் பிள்ளைகள்தான் எழுதுகிறார்கள். இதுவரை அதில் 23 பெயர் இருக்கிறது; ஒன்பது காமிக்ஸ், மூன்று பேய்க் கதை, "பூனைப் புத்தகம் பார்ட் டூ இருந்தால்" ஒன்று.