இலைக்குள் இருக்கும் கதவுகள்

கர்நாடக எல்லை ஊரான அத்திபெலேயைத் தாண்டினால் ஓசூர். ரோஜா பயிராகும் மண். அந்த ரோஜா இலையின் அடிப்புறத்தில் நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் உரித்தெடுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். அவரை விதை வடிவில், ஜோடி ஜோடியாகக் காப்புச் செல்களின் அச்சு தெரியும். நீர் புகுந்தால் அந்தச் செல்கள் விறைத்து வளைந்து இலைத்துளையைத் திறக்கும். நீர் குறைந்தால் தளர்ந்து மூடும். வடிவமே அவற்றின் வேலையைச் சொல்லிவிடுகிறது. இதைப் படம் வரைந்து மனப்பாடம் செய்வது எப்படிப் போதும்? கருவி விலை அதிகம் என்பார்கள். ஆனால் விஞ்ஞானி மனு பிரகாஷ் குழுவினர் 2014இல் அறிவித்த காகித நுண்ணோக்கி, ஃபோல்ட்ஸ்கோப், மலிவானது. சுமார் 140 மடங்கு பெரிதாக்கும். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளமைப்பு அதில் தெரியாது, அதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும், உண்மைதான். ஆனால் 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையின் செல்லறைகளை உலகுக்குக் காட்டியதும் எளிய கருவியால்தானே! ஆசிரியர்களே, செல் பாடத்தை இலையிலிருந்து தொடங்குங்கள்.