சுழலாத பொருளுக்கும் கோண உந்தம் உண்டு: எறிபொருள் கணக்கு செய்யும் முறை

"சார், பந்து சுத்தவே இல்லையே, அப்புறம் எப்படி கோண உந்தம் வரும்?" எறிபொருள் இயக்கத்தில் இந்தக் கணக்கு வந்தால் மாணவர்கள் தடுமாறும் இடம் இதுதான். சுழியம் என்று எழுதிவிட்டால் மதிப்பெண் போச்சு.

கோண உந்தம் எப்போதும் ஒரு புள்ளியைப் பொறுத்தது. அந்தப் புள்ளியில் நின்று பார்த்தால் பொருள் தெரியும் திசை மாறிக்கொண்டே போகிறதா? அப்படியானால் கோண உந்தம் இருக்கிறது. பொருள் தன்னைத்தானே சுற்ற வேண்டியதில்லை.

சூத்திரம்

கோண உந்தம் = நிறை × திசைவேகம் × மிகக் குறுகிய தூரம்

திசைவேகத்தின் வழியே ஒரு நேர்கோடு வரையுங்கள். புள்ளியிலிருந்து அந்தக் கோட்டுக்கு உள்ள தூரமே மிகக் குறுகிய தூரம்.

எறிந்த இடத்தையே புள்ளியாக எடுத்தால், காற்றுத் தடை இல்லாதபோது கிடைப்பது:

கோண உந்தம் = ½ × நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × கிடைவேகம் × நேரம்²

எந்தக் கோணத்தில் எறிந்தாலும் இது பொருந்தும். கிடைவேகத்தை மட்டும் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

தோட்டத்து எடுத்துக்காட்டு

மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் 1896-இல் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் அது. வெயில் காலத்தில் ரப்பர் காய் 'பட்'டென்று வெடித்துக் கொட்டை தெறிப்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த சங்கதி. அதையே கணக்காக்குவோம்.

4 கிராம் கொட்டை ஒன்று 11 மீட்டர் உயரக் கிளையிலிருந்து விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கிடையாகத் தெறிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தரையைத் தொடும் கணத்தில், காய் வெடித்த இடத்தைப் பொறுத்து அதன் கோண உந்தம் என்ன?

1. விழும் நேரம்: √(2 × 11 ÷ 9.81) = 1.5 விநாடி
2. கிடைத்தூரம்: 10 × 1.5 = 15 மீட்டர்
3. நிலைக்குத்து வேகம்: 9.81 × 1.5 = விநாடிக்கு 14.7 மீட்டர்
4. கோண உந்தம்: 0.004 × (15 × 14.7 − 11 × 10) = 0.44 கிலோகிராம் மீட்டர்²/விநாடி

மேலே உள்ள சூத்திரத்தில் போட்டாலும் இதே விடைதான். போட்டுப் பாருங்க. கொட்டை வலப்பக்கம் பறந்தால் திசை வலஞ்சுழி.

ஏன் கூடுகிறது?

கொட்டையின் எடை கீழ்நோக்கி இழுக்கிறது. அது கிடையாக விலக விலக, வெடித்த இடத்தைப் பொறுத்து அந்த எடை தரும் திருப்புவிசையும் (எடை × கிடைத்தூரம்) கூடுகிறது. ஆகவே கோண உந்தம் மாறாமல் இருக்காது. மாறாமல் இருப்பது கிடைவேகம் மட்டுமே. இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

விடையைச் சரிபார்க்க

தரையிலிருந்து எறிந்து தரையிலேயே விழும் பந்துக்கு, விழும் கணத்துக் கோண உந்தம் உச்சியில் இருந்ததைப் போல 4 மடங்கு. நேரம் இரு மடங்கு, அதன் வர்க்கம் நான்கு. உச்சியில் நிறை × கிடைவேகம் × உச்ச உயரம் என ஒரே வரியில் முடித்துவிடலாம்.

ஆசிரியர்களுக்கு

"எந்தப் புள்ளியைப் பொறுத்து?" என்பதை விடையின் முதல் வரியாகவே எழுதப் பழக்குங்கள். புள்ளி மாறினால் விடையும் மாறும். கேள்வியில் எறிந்த இடம் என்று இருக்க, விழுந்த இடத்தை வைத்துக் கணக்குப் போட்டால், பெருக்கல் எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.