அஞ்சல் சர்வருக்கும் பெயர்ப்பலகை வேண்டும்

விலைப்பட்டியலும் பில்லும் இன்று மின்னஞ்சலில் போகின்றன. நாம் அனுப்பிய பட்டியல் வாடிக்கையாளரின் ஸ்பாம் பெட்டியில் விழுந்தால், ஆர்டர் அடுத்த மண்டிக்குப் போய்விடும்.

சொந்தமாக அஞ்சல் சர்வர் வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நமது சர்வர் எதிர் சர்வரிடம் முதலில் 'ஹலோ' என்று தன் பெயரைச் சொல்கிறது. 1982-ல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. விதியிலேயே இம்முறை உண்டு. சில சர்வர்கள் 'லோக்கல்ஹோஸ்ட்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். மார்க்கா போடாத மூட்டையை லாரி ஆபீசில் ஏற்பார்களா?

எனவே 'மெயில்' என்பதோடு நமது டொமைனையும் சேர்த்து முழுப் பெயராக வைக்க வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருளில் 'மைஹோஸ்ட்நேம்' என்ற வரியில் இதை எழுதலாம். அந்தப் பெயரைத் தேடினால் நமது ஐ.பி. எண் வர வேண்டும். எண்ணைத் தேடினால் அதே பெயர் வர வேண்டும். இரண்டாவதை நாமே செய்ய முடியாது. ஐ.பி. எண் கொடுத்த நிறுவனத்திடம் எழுதிக் கேட்டுப் பெற வேண்டும்.

ஜிமெயிலுக்கு அனுப்புவோர் அனைவருக்கும் எண்ணும் பெயரும் இருவழியிலும் பொருந்த வேண்டும் என்று 2024 பிப்ரவரி முதல் கூகுள் விதித்துள்ளது. கணினி பார்ப்பவரை அழைத்து, அடுத்த விலைப்பட்டியல் போகுமுன் இதைச் சரிபார்த்துக்கொள்வோம். செலவு அதிகமில்லை, தவறும் ஆர்டர்தான் பெரிது.