“வாயை மூடு!” — எத்தனை நாளைக்கு?

கரும்பலகையின் ஒரு மூலையில் கோடு கிழித்து, “பேசியவர்கள்” என்று தலைப்பிட்டுப் பெயர்களை எழுதி வைப்பான் வகுப்புத் தலைவன். ஆசிரியர் வருவார், பட்டியலைப் பார்ப்பார். ஒருவன் முழங்காலிடுவான், ஒருவன் பெஞ்சின் மேல் ஏறுவான். தமிழ்நாட்டில் பள்ளி வாசலை மிதித்தவர்களில் இந்தக் காட்சியைக் காணாதவர் யார்? அந்தப் பட்டியலில் ஒருமுறையேனும் பெயர் ஏறாதவர் எத்தனை பேர்?

குற்றம் என்ன? திருடினானா? இல்லை. அடுத்தவனை அடித்தானா? அதுவும் இல்லை. பேசினான்! ஆறு வயதுக் குழந்தை, பக்கத்தில் இருந்த இன்னொரு ஆறு வயதுக் குழந்தையிடம் பேசிற்று. அவ்வளவுதான்.

வகுப்பில் எவரும் எப்போதும் எதையும் பேசலாம் என்று நாம் வாதாட வரவில்லை, தோழர்களே! கேள்வி முடியுமுன்பே ஒருவன் விடையைக் கூவிவிட்டால், மெல்ல யோசித்துக்கொண்டிருந்த சிறுமி வாயடைத்துப் போகிறாள். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினால் பதினோராவது குழந்தைக்குப் பாடம் காதில் விழாது. ஒழுங்கு வேண்டும், ஐயமில்லை. எந்த வழியில் ஒழுங்கு என்பதே கேள்வி.

பழியை ஆசிரியர் தலையில் போட்டுவிட்டு நகர்வதும் நியாயமாகாது. செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது வல்லம் ஒன்றியம். நெல்லும் மணிலாவும் விளையும் சிற்றூர்கள். இத்தகைய ஊரில் ஐம்பது குழந்தைகள் படிக்கும் தொடக்கப் பள்ளி ஒன்றை எண்ணிப் பாருங்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது அதன் கணக்கு. வகுப்புகளோ ஐந்து! ஒரு ஆசிரியர் நாலாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்குப் போடுகிறார். மற்றவர் ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார். மீதி மூன்று வகுப்புக் குழந்தைகளும் என்ன செய்வார்கள்? கண்ணை மூடித் தவம் செய்வார்களா? பேசத்தான் செய்வார்கள். ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று என்னும் கழித்தல் கணக்கின் விடை அந்தச் சத்தம். அதைக் குழந்தையின் குற்றம் என்று எழுதிவைப்பது எந்த ஊர் நீதி?

அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, குழந்தையை அடிப்பதையும் மனத்தை நோகச் செய்வதையும் தடை செய்கிறது. பிரம்பு போயிற்று, நல்லது. பிரம்பு இருந்த இடத்தில் எதை வைத்தோம்?

வெளிநாட்டைத் தேடி ஓட வேண்டாம். முதல் விடை சென்னை எழும்பூரில் இருக்கிறது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789ஆம் ஆண்டில் அங்கே ஆதரவற்ற சிறுவர் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். நம் நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அப்படிச் செய்ய நினைத்தார், ஆசிரியர்கள் இணங்கவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து, சின்னஞ்சிறுவர்களுக்கு அவனையே எழுத்துச் சொல்லித்தரச் செய்தார். பிள்ளைக்குப் பிள்ளை ஆசிரியன்! 1797இல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். “மெட்ராஸ் முறை” என்ற பெயரோடு இங்கிலாந்தெங்கும் பரவிற்று. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் “மெட்ராஸ் கல்லூரி” என்ற பள்ளி இன்றும் இருக்கிறது. அந்த முறையிலும் சட்டாம்பிள்ளைகளின் அதிகாரம் தலைதூக்கியதுண்டு. ஆயினும், குழந்தை பேசுவதைப் பாடமாக மாற்றலாம் என்று நம் மண்ணில் கண்டதை உலகம் எடுத்துக்கொண்டது. நாமோ, பேசியவன் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தோம்!

2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. அட்டைகளை வைத்துக்கொண்டு குழுவாக உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் கேட்டுப் படித்தனர். 2007-08இல் மாநிலம் முழுவதும் 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு அது சென்றது. சத்தம் இருந்தது, ஆனால் அது வேலை நடக்கும் சத்தம். தறி ஓடினால் ஓசை எழாதா?

ஆசிரியர் இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. அமெரிக்காவின் கேன்சாஸ் மாநிலத்தில், நாலாம் வகுப்பு ஒன்றில் முறையின்றிப் பேசுவதும் எழுந்து ஓடுவதும் அளவுமீறிப் போயிற்று. வகுப்பை இரண்டு அணிகளாகப் பிரித்தார்கள். விதி மீறினால் சிறுவனின் அணிக்கு ஒரு புள்ளி; புள்ளி குறைந்த அணிக்கு வெற்றி; இரண்டுமே எல்லைக்குள் இருந்தால் இரண்டுக்கும் வெற்றி. பரிசு, வரிசையில் முதலில் நிற்பதும் கொஞ்சம் ஓய்வு நேரமும்தான். பேச்சுத் தொல்லை பெரிதும் குறைந்தது. ஆட்டத்தை நிறுத்தியதும் திரும்பி வந்தது. 1969இல் வெளியான ஆய்வு இது. தண்டனைக்குப் பயந்து வந்த ஒழுங்கல்ல அது. கூட்டாளிக்காகக் காத்த ஒழுங்கு.

அந்நாட்டின் மேரி பட் ரோ என்ற அம்மையார் 1970களில் இன்னொன்றைக் கண்டார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள். மூன்று விநாடி பொறுத்தால் விடைகள் நீளுகின்றன. வழக்கமாக வாய் திறவாத குழந்தையும் பேசுகிறது. “யாரும் உடனே சொல்லக் கூடாது. பக்கத்தில் இருப்பவனிடம் முதலில் சொல், பிறகு நான் கூப்பிடுபவர் சொல்லட்டும்” என்று பழக்கிவிட்டால், முந்திக் கூவுகிறவனுக்கும் ஒரு முறை கிடைக்கும், பின்வரிசைச் சிறுமிக்கும் ஒரு முறை கிடைக்கும். காசு செலவில்லை, மூன்று விநாடிதான் செலவு!

இதற்கு ஏன் இவ்வளவு எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். கைகட்டி, வாய் பொத்தி நிற்கக் கற்பிக்கப்பட்ட மக்கள் நாம். பண்ணையார் முன்னால் பேசாதே, அதிகாரி முன்னால் பேசாதே என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வைத்தார்கள். அந்தக் குடும்பத்தின் முதல் பிள்ளை பள்ளிக்கு வந்து, வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னவுடன், அங்கும் “வாயை மூடு” என்றால், நாளை தாலுக்கா அலுவலகத்தில் தன் பட்டாவைப் பற்றி எப்படிக் கேட்பான்? கிராம சபையில் எப்படி எழுந்து நிற்பான்?

முறை வரும் வரை பொறுத்திருக்கக் கற்பியுங்கள். முறை வந்ததும் பேசக் கற்பியுங்கள். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் தருவது அரசின் கடமை. கேட்டு வாங்குவது ஊரின் கடமை. கரும்பலகையின் அந்த மூலையை அழிக்க வேண்டாம், தலைப்பை மட்டும் மாற்றுங்கள்: “இன்று கேள்வி கேட்டவர்கள்.” அந்தப் பட்டியல் நீளட்டும்!